ப்ளூ ஆக்ஸ் அவெய்ல் டோ பார்: மோட்டார்ஹோம் பின்னால் ஜீப்பைக் கட்டி இரண்டு வருடம் ஓட்டிய அனுபவம்

அரிசோனாவில் பீனிக்ஸ் பக்கம் சாண்ட்லரில் இருக்கிறோம். 2012 மாடல் ஃபோர்டு இ-450 சேஸிஸ் மேல் கட்டின ஒரு கிளாஸ் சி மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டி, பின்னால் 2014 ஜீப் ரேங்ளர், நாலு கதவு, ஆட்டோமேட்டிக். இரண்டுக்கும் நடுவில் ப்ளூ ஆக்ஸ் கம்பெனியின் அவெய்ல் என்கிற டோ பார், பின்னால் வரும் காரை வண்டியோடு சேர்த்து இழுக்கிற இரும்புக் கம்பி. இரண்டு வருடம் ஓட்டியாகிவிட்டது. பார் அருமையான பொருள், நம்பி வாங்கலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாரை வாங்கி மாட்டியதோடு பாதுகாப்பு வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கிளம்புகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். காசு எங்கே போக வேண்டும், கவனம் எங்கே போக வேண்டும் என்பது ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அதனால் பாரை மட்டும் தனியாக எடுத்து மதிப்பிடாமல், முழு ஏற்பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எதற்குப் பின்னால் ஒரு கார் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம் போதும். மான்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் கோயிங் டு த சன் ரோடு என்று ஒரு மலைப்பாதை இருக்கிறது, 1933-ல் திறந்தது, லோகன் பாஸ் வழியாகப் போகும். அந்தப் பாதையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி கிடையாது. எங்கள் மோட்டார்ஹோம் 29 அடி. அத்தனை தூரம் ஓட்டிப் போய், பூங்கா வாசலில் நின்றுகொண்டு பார்க்க வந்த பாதையைப் பார்க்காமல் திரும்ப முடியுமா? கேம்ப்கிரவுண்டில் வீட்டை நிறுத்திவிட்டு, ஜீப்பைக் கழற்றி, மேலே ஏறினோம். பால் வாங்க, மருந்து வாங்க, பெட்ரோல் போட என்று ஒவ்வொன்றுக்கும் முழு வீட்டையும் கிளப்பிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது தனி நிம்மதி.

இங்கே மோட்டார்ஹோம் ஓட்டுபவர்கள் இப்படிப் பின்னால் இழுக்கும் காரை 'டோட்' என்று சொல்வார்கள். நான்கு சக்கரமும் ரோட்டில் உருள இழுப்பது ஒரு வகை. முன் சக்கரம் இரண்டையும் டாலி என்கிற சின்ன வண்டி மேல் ஏற்றி இழுப்பது இன்னொன்று, முழு காரையும் டிரெய்லரில் ஏற்றிவிடுவது மூன்றாவது. நான் முதல் வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டாலியும் டிரெய்லரும் போகிற இடத்தில் நிறுத்த இடம் கேட்கும், டோ பார் மடங்கி வண்டியின் முதுகிலேயே நின்றுகொள்ளும், எங்களுக்கு அது பெரிய வசதி.

பாரை விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது உங்கள் கார். எல்லாக் காரையும் நான்கு சக்கரத்தில் இழுக்க முடியாது, இதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் உள்ளே இருக்கிற எண்ணெயைச் சுற்ற வைக்கும் பம்ப் எஞ்சின் ஓடினால்தான் ஓடும். இழுக்கும்போது எஞ்சின் நிற்கிறது, ஆனால் சக்கரம் சுற்றுவதால் கியர்பாக்ஸின் உள்பாகம் எண்ணெய் இல்லாமலே சுற்றுகிறது, சூடாகிறது, கொஞ்ச தூரத்தில் முழுக்கப் பாழாகிவிடும். நியூட்ரலில் போட்டால் போதுமே என்பார்கள், போதாது. ஹோண்டா சிஆர்-வி ஒரு காலத்தில் இதற்கென்றே தேடி வாங்கப்பட்ட கார், 2014 மாடல் வரை இழுக்கலாம், 2015-ல் சிவிடி என்கிற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வந்த பிறகு கூடாது. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒரு வருட வித்தியாசம், அவ்வளவுதான். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் இழுக்கிறாரே என்று நீங்களும் இழுக்காதீர்கள், உங்கள் காரின், உங்கள் வருடத்தின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரேங்ளரில் எஞ்சினின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கே ஒரு நியூட்ரல் உண்டு, அதில் போட்டால் சக்கரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் தொடர்பே அறுந்துவிடும். அமெரிக்காவில் எந்த கேம்ப்கிரவுண்டுக்குப் போனாலும் மோட்டார்ஹோம் பின்னால் ஜீப்பாக நிற்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

அப்புறம் எடைக் கணக்கு. எங்கள் சேஸிஸில் வண்டி மட்டும் அதிகபட்சம் 14,500 பவுண்ட் இருக்கலாம், பின்னால் இழுப்பதையும் சேர்த்தால் 22,000. கழித்தால் 7,500 வருகிறதே, தாராளமாக இழுக்கலாம் என்று தோன்றும். ஆனால் மோட்டார்ஹோமின் பின்னால் பாரை மாட்டுகிற ஹிட்சில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 5,000 என்றுதான் போட்டிருந்தது. பார் 10,000 பவுண்ட் தாங்கும், ஆனால் அதனால் நமக்கு ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகக் கிடைக்காது. ஹிட்ச், உயரத்தைச் சரிசெய்கிற டிராப் அடாப்டர், பார், காரில் முடுக்குகிற பேஸ் பிளேட், பாதுகாப்புக்கு மாட்டுகிற வயர் கயிறு, இதில் எதன் எண் மிகக் குறைவோ அதுதான் நம் எண். தண்ணீர், கேஸ், அரிசி மூட்டை, குழந்தைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு லாரிகள் எடை போடும் மேடையில் நிறுத்திப் பார்த்தோம். மோட்டார்ஹோம் 13,600, ஜீப் 4,300. ஜீப்புக்குள் சாமான் ஏற்றுவதை அன்றோடு நிறுத்திவிட்டோம்.

சரி, பாருக்கு வருவோம். ப்ளூ ஆக்ஸ் நெப்ராஸ்காவில் பென்டர் என்ற சின்ன ஊரில் இருக்கிற கம்பெனி. அவெய்ல் பார் மோட்டார்ஹோம் பக்கம் ஹிட்சில் நிரந்தரமாகக் கிடக்கும், மடக்கி ஒரு பக்கமாகச் சாய்த்துவிடலாம். கட்டும்போது ஜீப்பைப் பின்னால் தோராயமாக நிறுத்தினால் போதும், அங்குலக் கணக்காக நேரே நிறுத்த வேண்டியதில்லை, ஏனென்றால் பாரின் இரண்டு கைகளும் உள்ளிருந்து வெளியே நீளும், பக்கவாட்டிலும் திரும்பும். இடது கையை இழுத்து ஜீப்பின் முன்னால் இருக்கிற இரும்புக் காதில் பொருத்தி முள்ளைச் செருகு, வலது கையையும் அப்படியே, முள்ளுக்குக் கிளிப் போடு. அப்புறம் மோட்டார்ஹோமை மெதுவாகப் பத்துப் பதினைந்து அடி முன்னால் நகர்த்தினால் இரண்டு கையும் முழு நீளத்துக்கு நீண்டு தாமாகப் பூட்டிக்கொள்ளும். டக், டக் என்று இரண்டு சத்தம் வர வேண்டும். என் மனைவி பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தை எண்ணுவாள், ஒன்றுதான் கேட்டது என்றால் மறுபடி நகர்த்து என்பாள். சத்தம் கேட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு கையையும் பூட்டுகிற நெம்பு முழுக்க விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பாரில் எனக்கு மிகவும் பிடித்தது கழற்றுவது. பழைய மாதிரி பார்களில் வண்டி கொஞ்சம் வளைந்தோ சரிவிலோ நின்றால் கை இறுகிக்கொண்டு முள் வரவே வராது, சுத்தியலால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் நீளமான கைப்பிடி இருக்கிறது, இறுக்கத்தில் இருந்தாலும் அழுத்தினால் விட்டுவிடுகிறது. யூட்டாவில் ஒரு கேம்ப்கிரவுண்டில் இடம் சரிவாக இருந்து, வண்டி கோணலாக நின்று, மழையும் தூறிக்கொண்டிருந்தபோது இரண்டே நிமிடத்தில் கழற்றினேன், அன்றைக்குக் கொடுத்த காசு முழுக்க வசூலானது போல இருந்தது. பராமரிப்பும் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்துப் புழுதிக்கு இரண்டு மூன்று பயணத்துக்கு ஒருமுறை கைகளை நீட்டி, துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடிக்கிறேன். உயரம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பார் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்க வேண்டும், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 3 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வராதபடி வைத்தேன், எங்கள் ஹிட்ச் உயரத்துக்கு அதற்கென ஒரு டிராப் அடாப்டர் தேவைப்பட்டது. சாய்வாக இருந்தால் அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது கார் முன்னால் நிற்கிற வண்டியின் அடியில் புகவோ மேலே ஏறவோ பார்க்கும்.

பேஸ் பிளேட் என்பது ஜீப்பின் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குகிற இரும்பு, பாரின் இரண்டு கையும் அதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு கார் மாடலுக்கும் தனியாக வரும். இதையும் லைட் வயரிங்கையும் ஒரு கடையில் கொடுத்துச் செய்தேன். கடையின் பெயர் வேண்டாம். வேலை முடிந்து ஜீப்பை எடுத்து வந்து, அடுத்த சனிக்கிழமையே பிளாக்ஸ்டாஃப் கிளம்பினோம். ஐ-17 நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் பெரிய ஏற்றம், எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணைத்துவிடுங்கள் என்று பலகையே வைத்திருப்பார்கள். அந்த ஏற்றம் முடிந்து சன்செட் பாயின்ட் என்று ஒரு ஓய்விடம் வரும். புதிதாக மாட்டியதை முதல் நிறுத்தத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று படித்திருந்ததால் கீழே படுத்து டார்ச் அடித்தேன். இடது பக்கத்து போல்ட் ஒன்று விரலால் திருப்பினால் திரும்பியது. விரலால்! ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்ட போல்ட்டுகளை நம்பித்தான் 4,300 பவுண்ட் எங்கள் பின்னால் அறுபது மைல் வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிரேக்அவே என்று ஒரு மெல்லிய வயர் உண்டு, கார் தப்பித்தவறிக் கழன்றுவிட்டால் அந்த வயர் ஒரு சுவிட்சைப் பிடுங்கும், உடனே காரின் பிரேக் தானாக அடித்துக்கொள்ளும். அதன் மறுமுனை மோட்டார்ஹோமின் சட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் அதை டோ பாரிலேயே மாட்டி வைத்திருந்தார்கள். யோசித்துப் பாருங்கள், பார் ஹிட்சிலிருந்து கழன்றால் பாரும் காரும் சேர்ந்தேதான் போகும், வயர் இழுபடவே இழுபடாது, சுவிட்ச் சும்மா இருக்கும், பிரேக்கே பிடிக்காத கார் ஒன்று எதிர்ப்பக்கத்து ரோட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். அங்கேயே அதை அவிழ்த்து மோட்டார்ஹோமின் சட்டத்தில் கட்டினேன், போல்ட்டையும் கையில் இருந்த ஸ்பேனரால் முடுக்கினேன், வலது தடத்திலேயே மெதுவாக வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். குழந்தைகளுக்கு ஏமாற்றம்தான், பரவாயில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி எல்லா போல்ட்டையும் கழற்றி, மரையில் பிடிப்புப் பசை தடவி, டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு முடுக்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டோம். இப்போது குனிந்து பார்த்தால் போதும், கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. நீங்களும் எந்தக் கடையில் செய்தாலும் காசு கொடுப்பதற்கு முன்னால் கீழே படுத்துப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

இனி பிரேக். ஜீப்புக்குள் தனியாகப் பிரேக் அடிக்க ஒரு ஏற்பாடு வேண்டும். டீலர்கள், கூடவே ஓட்டுகிற நண்பர்கள், நிறையப் பேர், பெரிய வண்டிதானே, சின்ன காரை அதுவே நிறுத்திவிடும் என்பார்கள். எங்கள் மோட்டார்ஹோமின் பிரேக் 14,500 பவுண்டை நிறுத்துவதற்கென்று செய்தது. வண்டியே 13,600 இருக்கிறது. அதன் முதுகில் இன்னும் 4,300 தள்ளிக்கொண்டு வந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எடை கூடிவிட்டது, அந்தக் கூடுதலுக்கென்று யாரும் பிரேக் வைக்கவில்லை. சட்டமும் பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் இழுத்தால் தனி பிரேக் வேண்டும் என்கிறது. இன்னொரு வண்டியை இழுத்துக்கொண்டு போனால் கலிபோர்னியாவில் 55 மைல் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது. சட்டத்தைக்கூட விடுங்கள், அதே ஐ-17-ல் சன்செட் பாயின்ட்டிலிருந்து தெற்கே இறங்கும்போது முன்னால் ஒரு லாரி திடீரென்று விளக்கை எரியவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

நாங்கள் வாங்கியது எடுத்து வைக்கக்கூடிய பெட்டி வகை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் வைத்து, அதன் கையைப் பிரேக் பெடலில் கவ்வவிட்டு, சீட்டை முன்னால் நகர்த்திப் பெட்டியின் முதுகில் முட்டுக்கொடுக்க வேண்டும். மோட்டார்ஹோம் வேகம் குறைவதை அது உணர்ந்து பெடலை அழுத்தும், முன்னால் டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்து அழுத்துகிறது என்று காட்டும். நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வைக்கிற முறையில் ஒரு தவறு செய்தால் காரே எரியும், மிகைப்படுத்தவில்லை. இரண்டாவது பயணத்தில் சீட்டை ஒரு பல் கூடுதலாக முன்னால் தள்ளிவிட்டேன், பெட்டி எந்நேரமும் பெடலை லேசாக அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. முன்னால் எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் தெரியாது, இழுவை கூடியதுகூடத் தெரியவில்லை. இருபது மைல் தாண்டி நிறுத்தி இறங்கியபோது கருகின வாடை, முன் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல் அடித்தது. நல்லவேளை பிரேக் பேடோடு போனது. அன்றிலிருந்து, பெட்டியை வைப்பதற்கு முன்னால் எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை மூன்று நான்கு தடவை மிதித்து பெடலை இலகுவாக்குவதற்காக உள்ளே மிச்சமிருக்கும் வாக்குவத்தைக் காலி செய்கிறேன், பெடல் கல் மாதிரி ஆன பிறகுதான் பெட்டியைப் பொருத்துகிறேன். கிளம்பி ஒரு மைல் தூரத்தில் ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையை வைத்துப் பார்க்கிறேன், சூடே இருக்கக் கூடாது.

ஜீப்பை நியூட்ரலுக்குக் கொண்டுபோவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பிரேக்கை மிதித்தபடி கியரை நியூட்ரலில் போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரையும் நியூட்ரலுக்கு இழுக்க வேண்டும். பிறகு எஞ்சின் ஓட ரிவர்ஸ், டிரைவ் இரண்டிலும் போட்டு வண்டி அசையவில்லை என்று உறுதி செய்து, எஞ்சினை அணைத்து, கியரைப் பார்க்கில் போட்டு, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை வைத்துவிட வேண்டும். பார்க்கில்தானே இருக்கிறது என்று நம்பி இறங்கினால் போச்சு. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருக்கும்போது பார்க் எதையும் பிடிக்காது, கார் சைக்கிள் மாதிரி உருண்டு போகும். அதனால் பாரில் கட்டி முடித்த பிறகுதான் இதைச் செய்வோம், அதுவரை ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும், கடைசியில் அதை எடுக்கவும் மறக்கக் கூடாது. கழற்றும்போது இதையே தலைகீழாக: முதலில் ஹேண்ட்பிரேக், அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ், அப்புறம்தான் முள்ளில் கை.

எல்லாம் முடிந்தபின் வயர் கயிறு இரண்டையும் பாருக்கு அடியில் குறுக்காக மாட்டி, விளக்கு வயரைச் செருகி, நான் முன்னால் உட்கார்ந்து இண்டிகேட்டர் போட, மனைவி பின்னால் நின்று சொல்வாள். "ஏங்க, இடது எரியுது. வலது... இருங்க, இப்ப எரியுது. பிரேக் அடிங்க." ஐந்து நிமிட வேலை, ஒரு தடவைகூட விட்டதில்லை. கிளம்பும்போது யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் மட்டும் நாங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம், பாதியில் விட்ட இடம் எது என்று ஞாபகத்தை நம்பமாட்டோம்.

பின்னோக்கி எடுக்கவே முடியாது என்பது இந்த முறையின் பெரிய குறை, எந்தக் கம்பெனியின் பாராக இருந்தாலும் இதுதான். இரண்டு மூன்று அடி போனாலே ஜீப்பின் முன் சக்கரம் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பிக்கொள்ளும், பாருக்கும் பேஸ் பிளேட்டுக்கும் பக்கவாட்டில் பாரம் ஏறும், வளைந்துவிடும். பெட்ரோல் பங்க்குக்குள் நுழைவதற்கு முன்னால் வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்தே நுழைய வேண்டும், மாட்டிக்கொண்டால் கழற்றித்தான் ஆக வேண்டும். டயரும் அப்படித்தான் கவனம் கேட்கிற விஷயம். பின்னால் ஜீப்பின் டயர் ஒன்று பஞ்சரானால் மோட்டார்ஹோமின் ஸ்டியரிங்கில் உங்களுக்கு எதுவும் தெரியாது, கந்தலாகி ரிம் ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தாலும் தெரியாது. காற்றழுத்தம் காட்டும் சென்சாரை ஜீப்பின் நான்கு டயரிலும் போட்டு, அதன் திரையை முன்னால் வைத்திருக்கிறேன். பின் கேமராவையும் ஓடும்போது எரியவிட்டே வைக்கிறேன், ஜீப்பின் மூக்கு தெரிந்துகொண்டே இருப்பது மனதுக்குத் தெம்பு. இறக்கத்தில் மோட்டார்ஹோமில் இருக்கிற டோ ஹால் பொத்தானை அழுத்திவிட்டால் கியர் தானாகக் குறைந்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டுவிட்டுத்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.

பார், பேஸ் பிளேட், வயரிங், பிரேக் பெட்டி, டயர் சென்சார், கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஐயாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் வாடகை மோட்டார்ஹோமில் போகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம், போகிற ஊரில் ஒரு கார் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி போகிறவர்கள், இழுக்கக்கூடிய கார் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். கையில் முழுத் தொகை இல்லை என்றால் நல்ல நிலையில் இருக்கிற பழைய பார் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக் பெட்டியையும் பிரேக்அவே சுவிட்சையும் புதிதாக வாங்குங்கள். பார் இப்போதைக்கு, பிரேக் அடுத்த வருடம் என்று பிரித்து மட்டும் வாங்காதீர்கள், அந்த ஒரு வருடம் காரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.